பாட்டியையும் கூட்டிப் போகலாம்: ஆம்பூரிலிருந்து தீம் பார்க்குக்கு ஒரு சிக்கனப் பயணம்

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூருக்கு ஒரு வசதி உண்டு. மேற்கே சுமார் 185 கிலோமீட்டர் போனால் பிடதி. பெங்களூரு வொண்டர்லா இருப்பது அங்கேதான். கிழக்கே அதே அளவு தூரம் போனால் திருப்போரூர். சென்னை வொண்டர்லா 2025 டிசம்பரில் அதன் பக்கத்தில் இள்ளலூரில் திறக்கப்பட்டது. போகிற வழியில் குயின்ஸ்லேண்ட், கடற்கரைச் சாலைக்குப் போனால் எம்.ஜி.எம், வி.ஜி.பி. இரண்டு பெருநகரங்களின் விளையாட்டுப் பூங்காக்களுக்கும் நட்டநடுவில் இருக்கிறது தோல் தொழில் ஊர்களின் இந்த வரிசை.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. எந்த ஊரில் கேட்டாலும், கோடை லீவு நெருங்கும்போது பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான். ‘இந்த வருஷமாவது வொண்டர்லா போலாமா?’

அப்பா மனதுக்குள் கணக்குப் போடுவார். டிக்கெட், வண்டி, ரூம், சாப்பாடு. கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அடுத்து, யாரை விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சு வரும். பெரும்பாலும் அது பாட்டியாகத்தான் இருக்கும். ‘எனக்கெதுக்குப்பா அதெல்லாம், நீங்க போயிட்டு வாங்க’ என்று அவரே சொல்லிவிடுவார். பிரச்னை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

அந்த ஒரு ஆளை விட்டுவிடாமல் இந்தப் பயணத்தை முடிக்க முடியுமா? முடியும். சொந்த வண்டியிலோ பங்கு போட்ட வண்டியிலோ போவது, பூங்காவின் ரிசார்ட்டில் தங்காமல் பக்கத்து ஊரில் தங்குவது, நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் பாட்டியின் செலவு அதிலேயே வந்துவிடும்.

லீவு ஒரு நாள், காத்திருப்பு ஒரு வருஷம்

ஷூ கம்பெனிகளிலும் டேனரிகளிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஞாயிறுதான் லீவு. அப்பர் தைக்கும் பிரிவில் இருப்பவர்களில் நிறைய பேர் பெண்கள். வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போனாலும், மாதச் சம்பளத்தில் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், குழுத் தவணை போக சுற்றுலாவுக்கு என்று எதுவும் நிற்காது. அந்தப் பணம் போனஸில் இருந்துதான் வர வேண்டும். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். பன்னிரண்டில் ஒரு பங்கு. அதிலும் துணிமணி, பழைய கடன் எல்லாம் போய் மிஞ்சுவதுதான் டூருக்கு.

தொழிலும் எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது அடி வாங்கிய துறைகளில் தோலும் ஒன்று. ஏற்றுமதியை நம்பியிருக்கும் ஊரில் ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் குறையும். ஓவர்டைம் குறைந்தால் முதலில் தள்ளிப்போவது இதுபோன்ற பயணங்கள்தான்.

ஆகவே இங்கே சிக்கனம் என்பது பயணம் நடக்குமா, நடக்காதா என்ற கேள்வி.

பணம் எங்கே போகிறது?

டிக்கெட்தான் பெரிய செலவு என்று தோன்றும். ஆனால் டிக்கெட்டில் நாம் குறைக்க முடிவது கொஞ்சம்தான். கூடிக் குறையக்கூடியவை தங்கும் இடமும் சாப்பாடும்தான்.

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி என ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். கீழே இருப்பது மாதிரிக் கணக்கு. எந்தப் பூங்காவின் விலைப்பட்டியலும் இல்லை. உங்கள் ஊர், உங்கள் வண்டி, நீங்கள் போகிற நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

* வண்டி: போக, வர, உள்ளூர்ச் சுற்றல் சேர்த்து 400 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் 25 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 2,500 ரூபாய். டோல் தனி. எங்கே தங்கினாலும் இந்தச் செலவு மாறாது.
* பூங்காவின் ரிசார்ட்டில் ஒரு ராத்திரி: ஐந்து பேருக்கு ரூமும் கூடுதல் படுக்கையும் சேர்த்து 8,000 ரூபாய், இரவுச் சாப்பாடும் காலை டிபனும் 3,000 ரூபாய் என்றால் மொத்தம் 11,000.
* பக்கத்து ஊர் லாட்ஜில்: ஃபேமிலி ரூம் 2,000 ரூபாய் வீதம் இரண்டு ராத்திரிக்கு 4,000. சாதாரண ஓட்டலில் டிபனும் இரவுச் சாப்பாடும் 1,500 என்றால் மொத்தம் 5,500.

உள்ளே ஒரு ராத்திரி தங்கும் பணத்தில் பாதியில், வெளியே இரண்டு ராத்திரி தங்கிவிடலாம். மிச்சமாகும் 5,500 ரூபாயில் பாட்டியின் டிக்கெட் போக, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீமும் வாங்கலாம்.

இதில் இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான ஓட்டல் அறைகளுக்கு ஜி.எஸ்.டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆன்லைனில் புக் செய்யும்போது கடைசித் திரையில் வரி எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டிஸ்னிக்கே நடந்தது இதுதான்

பூங்காவை விட்டு வெளியே தங்குவது நம் ஊர்க் கஞ்சத்தனம் இல்லை. தீம் பார்க் பிறந்த இடத்திலேயே மக்கள் அதைத்தான் செய்தார்கள்.

வால்ட் டிஸ்னி 1955-ல் அமெரிக்காவின் அனஹைம் நகரில் டிஸ்னிலேண்டைத் திறந்தார். கையில் இருந்த நிலம் பூங்காவுக்கே சரியாகப் போனது. வேலிக்கு வெளியே இருந்த நிலத்தில் மளமளவென்று மோட்டல்கள் முளைத்தன. பூங்காவுக்கு வந்த குடும்பங்கள் அங்கே தங்கின. தங்குமிட வருமானத்தில் பெரும்பகுதி மற்றவர்களுக்குப் போனது. அந்தப் பாடத்தை டிஸ்னி மறக்கவில்லை. அடுத்த பூங்காவுக்கு ஃப்ளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கரை, யார் வாங்குகிறார்கள் என்றே தெரியாமல் வாங்கிப் போட்டார். 1971 அக்டோபர் 1-ம் தேதி திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டில் முதல் நாளிலிருந்தே சொந்த ஓட்டல்கள் இருந்தன.

ரிசார்ட் அறையின் விலையில் படுக்கைக்கும் ஏசிக்கும் மட்டும் நாம் பணம் கொடுப்பதில்லை. ‘கேட்டுக்குப் பக்கத்தில்’ என்பதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். கைக்குழந்தை இருப்பவர்கள், நடக்க முடியாத பெரியவரோடு போகிறவர்கள் அதற்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. டிக்கெட்டும் சாப்பாடும் சேர்ந்த பேக்கேஜ் கிடைத்தால் அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு சுத்தமான ரூம் போதும்.

மேற்கே: தட்டே இட்லி ஊரில் தங்கல்

கொச்சியில் 2000-ல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், பெங்களூரு பூங்காவை 2005-ல் திறந்தது. மைசூரு சாலையில், பெங்களூரிலிருந்து சுமார் 28 கிலோமீட்டரில் பிடதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூங்காவை ஒட்டி அவர்களுடைய சொந்த ரிசார்ட்டும் உண்டு.

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நேர்ச்சாலை. பெங்களூருக்குள் நுழையாமல், எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் ரோட்டில் ஏறினால் மைசூரு சாலையில் போய் இறங்கலாம். நைஸ் ரோடு தனியார் கட்டணச் சாலை. அதற்கும் கொஞ்சம் பணம் எடுத்து வைக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நகருக்குள் சிக்கி வீணாகும் பெட்ரோலையும் பொறுமையையும் நினைத்தால் அது லாபம்தான்.

தங்குவதற்கு நான்கு ஊர்கள் இருக்கின்றன.

ஓசூர்: தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே இருப்பதால் பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் சிரமம் இல்லை. தொழில் நகரம் என்பதால் லாட்ஜுகள் அதிகம். சனிக்கிழமை ஷிஃப்ட் முடித்துக் கிளம்புகிறவர்களுக்கு இது நல்ல தங்கல். ஞாயிறு காலை இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும்.

கெங்கேரி: பெங்களூரின் மேற்கு ஓரம். பிடதிக்கு அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மெட்ரோவின் பர்ப்பிள் லைன் இந்தப் பக்கம் சல்லகட்டா வரை ஓடுகிறது. காரை லாட்ஜில் விட்டுவிட்டு நகரத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்கு வசதி.

பிடதி: பூங்காவுக்கு மிக அருகில். தட்டு அளவுக்குப் பெரிதாக, பஞ்சு போல் இருக்கும் தட்டே இட்லிக்குப் பேர்போன ஊர். இரண்டு இட்லி சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு மதியம் வரை பசிக்காது. பூங்காவுக்குள் டிபன் வாங்கும் செலவு இங்கேயே முடிந்துவிடும்.

ராமநகரா: பிடதியைத் தாண்டி இன்னும் 15-20 கிலோமீட்டர். 1975-ல் வந்த ‘ஷோலே’ படத்தின் பாறை மலைகள் இங்கேதான் இருக்கின்றன. பாட்டிக்கும் அப்பாவுக்கும் பிள்ளைகளைவிட இதில் ஆர்வம் அதிகமாக இருக்கலாம். பெரிய பட்டுக்கூடு சந்தையும் உண்டு. அடுத்த ஊர் சென்னபட்டணா. வண்ணம் பூசிய மர பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். பூங்காவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்குவதற்குப் பதில் இங்கே நிற்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதி இல்லை. பைக்கில் போகும் இளைஞர்கள் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.

கிழக்கே: காஞ்சிபுரத்தில் ஒரு ராத்திரி

போன தலைமுறைக்கு டூர் என்றால் கிழக்குதான். தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா, ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி, முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். எதற்கும் சிரிக்காத வி.ஜி.பி சிலை மனிதனைச் சிரிக்க வைக்க முயன்று தோற்றவர்கள் இன்று தாத்தா பாட்டியாகியிருப்பார்கள். இப்போது இள்ளலூரும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

வேலூர், ஆம்பூர் பக்கத்திலிருந்து போகிறவர்கள் சென்னைக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. காஞ்சிபுரத்தில் பிரிந்து, வாலாஜாபாத், செங்கல்பட்டு வழியாகத் திருப்போரூர் போய்விடலாம். வேலூரிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர். ஆம்பூர் என்றால் இன்னும் 50.

தங்கும் ஊரும் அந்த வழியிலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் கோயில் நகரம். யாத்திரிகர்களுக்கான சாதாரண லாட்ஜிலிருந்து நல்ல ஓட்டல் வரை எல்லா விலையிலும் ரூம் கிடைக்கும். சனிக்கிழமை ராத்திரி அங்கே தங்கி, காலையில் பாட்டியோடு ஒரு கோயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாலும் பூங்கா திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். இன்னும் அருகில் வேண்டும் என்றால் செங்கல்பட்டு. மாமல்லபுரமும் பக்கம்தான். ஆனால் அது சுற்றுலா ஊர் என்பதால் சனி, ஞாயிறில் ரூம் விலை ஏறும். அங்கே தங்க ஆசைப்பட்டால் வார நாள்தான் சரி.

குயின்ஸ்லேண்ட் போகிறவர்களுக்கு இவ்வளவு திட்டமும் தேவையில்லை. செம்பரம்பாக்கம் பக்கம், பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. ராணிப்பேட்டை, வேலூர்க்காரர்கள் காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பிவிடலாம். தங்கும் செலவே இல்லை.

காலண்டரில் ஒளிந்திருக்கும் தள்ளுபடி

பூங்காக்களில் சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் டிக்கெட் விலை கூடும் அல்லது கூட்டம் கூடும். பெரும்பாலும் இரண்டுமே கூடும். கூட்டம் கூடினால் ஒவ்வொரு ரைடுக்கும் வரிசையில் நிற்க வேண்டும். அதே டிக்கெட்டுக்குப் பத்து ரைடு கிடைக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் கிடைக்கும். அதைத் தவிர்க்க வரிசை தாண்டும் ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட் வாங்கினால் செலவு எங்கேயோ போய்விடும்.

ஞாயிறு மட்டுமே லீவு உள்ளவர்கள் என்ன செய்வது? தோல் தொழில் ஊர்களுக்கு இங்கேதான் நடுவில் இருப்பதன் லாபம் கிடைக்கிறது. இரண்டு மாநிலங்களுக்கு இரண்டு காலண்டர்.

பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று தொடர்ந்து மூன்று நாள் அரசு விடுமுறை. கர்நாடகத்தில் சங்கராந்தி ஒரு நாள்தான். காணும் பொங்கலன்று சென்னைப் பக்கம் கடற்கரை, பூங்கா, சாலை எல்லாம் நிரம்பி வழியும். அந்த நாள் செவ்வாயோ புதனோ ஆக இருந்தால், பிடதியில் அது சாதாரண வேலை நாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஸ்கூலில் இருப்பார்கள். அன்று மேற்கே போக வேண்டும்.

நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவம். அங்கே விடுமுறை, இங்கே வேலை நாள். அன்று பெங்களூருப் பக்கம் தலை வைக்கக் கூடாது. தசரா நாட்களில் மைசூரு சாலை முழுக்க வண்டிகளாக இருக்கும். அப்போது கிழக்கே போவது புத்திசாலித்தனம்.

ரம்ஜான், பக்ரீத் சமயத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதிகளில் பல கம்பெனிகள் பெருநாளோடு ஒன்றிரண்டு நாள் சேர்த்து மூடியிருக்கும். பெருநாளன்று உறவினர் வீடு, விருந்து. மறுநாள் வார நாளாக இருந்து, மற்ற ஊர்களுக்கு லீவு இல்லை என்றால், அந்த வருஷத்திலேயே அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்தால் கேட்டில் வாங்குவதைவிட விலை குறைவாக இருப்பது வழக்கம். கல்லூரி மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் பல பூங்காக்கள் சலுகை தருகின்றன. பாட்டியின் ஆதார் அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குப் பல இடங்களில் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துவிட்டால், எந்த டிக்கெட் எடுப்பது என்ற குழப்பம் இருக்காது. எந்த ரைடில் ஏற விடுவார்கள் என்பதும் முன்பே தெரிந்துவிடும். கேட்டில் அழுகை மிச்சம்.

காரா, வேனா, ரயிலா?

இரண்டு பேர் என்றால் ரயிலுக்கு நிகரில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, காட்பாடி எல்லாம் சென்னை - பெங்களூரு பாதையில்தான் இருக்கின்றன. பெங்களூரில் இறங்கி மைசூரு பாதை ரயில் பிடித்தால் பிடதியிலேயே ஸ்டேஷன் உண்டு. கிழக்கே போக, அரக்கோணத்தில் மாறி காஞ்சிபுரம், செங்கல்பட்டு வரை ரயில், பிறகு திருப்போரூருக்குப் பஸ்.

நான்கு பேரைத் தாண்டினால் கார்தான் சிக்கனம். இன்னொரு பெட்ரோல் டேங்க் நிரப்பாமல் ஐந்தாவது ஆள் வந்துவிடுகிறார். பாட்டிக்கு நடுவில் நிறுத்தி இறங்கி நிற்கவும் முடியும்.

டோலுக்கு ஃபாஸ்டாக்கில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும். ஃபாஸ்டாக் வேலை செய்யாவிட்டால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ-யில் கட்டினால் ஒன்றே கால் மடங்கு. 24 மணி நேரத்துக்குள் அதே டோலைத் திரும்பக் கடந்தால், போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குக் கட்டணம்தான். ஃபாஸ்டாக்கே அதைக் கழித்துக்கொள்ளும். 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய் விலையில் அறிமுகமான ஆண்டு பாஸ் சொந்தக் கார்களுக்கு 200 முறை அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அதுவரை செல்லும். ஒரு டூருக்காக அதை வாங்கினால் நஷ்டம். பள்ளிகொண்டா டோலை வாரா வாரம் தாண்டும் குடும்பத்துக்கு லாபம். தேசிய நெடுஞ்சாலை டோல்களில்தான் அது செல்லும். நைஸ் ரோட்டில் செல்லாது.

சொந்தக் கார் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரே தெருவில், ஒரே லைனில் வேலை செய்யும் இரண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு டெம்போ டிராவலர் எடுத்தால் ஆளுக்குச் சில நூறு ரூபாயில் போக்குவரத்து முடிந்துவிடலாம். பேசும்போது கேட்க வேண்டியவை: ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா எவ்வளவு, டோலும் பார்க்கிங்கும் யார் தலையில், கர்நாடகம் போனால் பெர்மிட் செலவு வாடகையில் சேர்ந்ததா. டிரைவர் ராத்திரி எங்கே தூங்குவார் என்பதையும் கேளுங்கள். அவர் தூக்கம் உங்கள் பாதுகாப்பு.

பையில் என்ன இருக்கணும்?

பெரிய பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. அதனால் கட்டுச்சோறு வழிக்கு மட்டும். புளிசாதம், சப்பாத்தி, வேகவைத்த முட்டை. சீரகச் சம்பா பிரியாணியை மதியம் வரை வண்டிச் சூட்டில் வைத்திருக்க வேண்டாம். அதைக் கிளம்பும் முன்போ, திரும்பி வந்த பிறகோ கத்திரிக்காயோடு சூடாகச் சாப்பிடுவதுதான் அதற்கு மரியாதை. பூங்காவுக்குள் மதியச் சாப்பாடு ஒருவேளை மட்டும் வாங்குவது என்று முன்பே பேசிக்கொண்டால் செலவு கட்டுக்குள் இருக்கும். கைக்குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் என்ன விதி என்பதைப் பூங்காவின் வலைத்தளத்தில் பார்த்துவிடலாம்.

தண்ணீர் ரைடுகளுக்கு நைலான் போன்ற நீச்சல் துணி வேண்டும். புடவை, சுடிதார், காட்டன் டிஷர்ட்டோடு இறங்க விடமாட்டார்கள். உள்ளே வாங்கினால் விலை அதிகம். ஊரிலேயே முன்கூட்டி வாங்கிவிடலாம். முழுக்கை, முழுக்கால் மூடும் நைலான் உடைகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஆடை விதியைப் படித்துவிட்டு வாங்கினால், பெண்கள் கரையில் உட்கார்ந்து பைகளைக் காக்கும் நிலை வராது.

காலுக்கு ரப்பர் செருப்பு. தோல் செருப்பு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும் என்பதை ஆம்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

லாட்ஜ் எடுக்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: செக்-அவுட் பகல் 12 மணியா, 24 மணி நேரமா? பல சிறிய லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு இன்னும் இருக்கிறது. ராத்திரி 8 மணிக்கு ரூம் எடுத்தால் மறுநாள் ராத்திரி 8 வரை அது உங்களுடையது. பகலில் பாட்டிக்கு முடியவில்லை என்றால் யாராவது ஒருவர் கொண்டுபோய்ப் படுக்க வைக்கலாம். சாயங்காலம் வந்து, குளோரின் வாடை போகக் குளித்து, காய்ந்த துணி மாற்றிக்கொண்டு கிளம்பலாம். ஒரே ரூம், ஒரே வாடகை, இரண்டு வேலை.

இங்கே மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்

எல்லாவற்றையும்விடச் சிக்கனமான வழி ஒன்று இருக்கிறது. நிறைய குடும்பங்கள் அதைத்தான் செய்கின்றன. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புவது, நாள் முழுக்க ஆடுவது, பூங்கா மூடிய பிறகு வண்டியை எடுத்து நள்ளிரவில் வீடு சேர்வது, திங்கள் காலை வேலைக்குப் போவது. ரூம் வாடகையே கிடையாது.

அந்த வண்டியை ஓட்டுகிறவர் வாரம் ஆறு நாள் நின்று வேலை செய்தவர். முந்தைய ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கியவர். பகலெல்லாம் வெயிலிலும் தண்ணீரிலும் இருந்தவர். பின் சீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். நெடுஞ்சாலையில் லாரிகள் ஓரமாக நிற்கும். ஒரு நொடி கண் அசந்தால் போதும். அங்கே மிச்சமாவது 2,000 ரூபாய் வாடகை. பந்தயத்தில் வைப்பது வண்டியில் இருக்கும் அத்தனை பேரையும்.

முந்தைய ராத்திரி பக்கத்தில் தங்குவதால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். ஓட்டுகிறவர் தூங்கி எழுந்து வருகிறார். பூங்கா திறக்கும் நேரத்தில் கேட்டில் நிற்கலாம். கூட்டம் சேரும் முன்பே பெரிய ரைடுகளை முடித்துவிடலாம். சாயங்காலம் 4 மணிக்கு வெளியே வந்தாலும் டிக்கெட் காசு வீணாகியிருக்காது. ராத்திரி 9 மணி வாக்கில் ஆம்பூர் வந்துவிடலாம். கடைசி வரை இருந்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால், இரண்டாவது ராத்திரியும் தங்கி, திங்கள் காலை கிளம்புங்கள். ஒருநாள் சம்பளம் போகும். சில கம்பெனிகளில் அட்டெண்டன்ஸ் பணமும் போகும். அதையும் டூர் கணக்கில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். திட்டத்தில் இருந்தால் அது செலவு. இல்லாவிட்டால் அதுவே அடுத்த மாதக் கடன்.

பணம் சேராத வருஷம்?

ஆர்டர் குறைந்த வருஷம், மருத்துவச் செலவு வந்த வருஷம் என்று ஒன்று வரும். அப்போது கடன் வாங்கிப் போக வேண்டாம். பக்கத்திலேயே ஏலகிரி இருக்கிறது. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே புங்கனூர் ஏரியில் படகு. வேலூரில் அகழி சூழ்ந்த கோட்டை, மலையடிவாரத்தில் அமிர்தி. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். ரோலர் கோஸ்டருக்கு இது ஈடு என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஆனால் ‘அடுத்த வருஷம் கண்டிப்பா’ என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே ஒரு டப்பாவில் மாதம் 500 ரூபாய் போட ஆரம்பித்தால் 12 மாதத்தில் 6,000 ரூபாய் சேரும். ரூமும் டிபனும் அதிலேயே முடிந்துவிடும். போனஸைத் தொட வேண்டியது டிக்கெட்டுக்கும் பெட்ரோலுக்கும் மட்டும்தான்.

ரைடில் ஏற பாட்டிக்கு முடியாமல் இருக்கலாம். ‘எனக்கெதுக்குப்பா’ என்று இந்த வருஷமும் சொல்வார். ரூம் போட்டாச்சு, சீட்டும் இருக்கு என்று சொல்லிப் பாருங்கள். கிளம்பும் நாளில் முதலில் புடவை மாற்றி ரெடியாக நிற்பது அவராகத்தான் இருக்கும்.